இஸ்திரி என்றொரு ஓட்டக்காரன்

என் தங்கைக்கு இரண்டு பிள்ளைகள் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஒன்று அவள் பெற்றது. இன்னொன்று கம்ப்யூட்டரில் செய்தது. பெற்றது அவளோடு பேசுவதில்லை. செய்தது பேசவே பேசாது, ஓட மட்டும் ஓடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். கூடவே நானும் பட்டேன். எல்லாம் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தானே நடந்தது.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைப் பகுதியில். மேலே அறைகளில் படுத்து எழுந்தவர்களின் விரிப்புகள் எல்லாம் துவைத்துப் பிழிந்து ஈரமாக அவளிடம் வரும். அவற்றை இஸ்திரி போடக் கட்டில் நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை, உள்ளே கொதிக்கிற நீராவி. இவள் ஒரு மூலை, பக்கத்தில் நிற்பவள் ஒரு மூலை. விறைப்பாக இழுத்துப் பிடித்து உருளைக்குள் விட வேண்டும். ஒரு மூலை தளர்ந்தால் விரிப்பு சுருண்டு உள்ளே சிக்கிக்கொள்ளும். மெஷின் நின்றுவிடும், சூப்பர்வைசரின் வாய் நிற்காது. சூட்டில் அவளுக்கு விரல் நுனி ரேகையே தேய்ந்துபோயிற்று. கைரேகை வைத்துத் திறக்கப்போனால் அவளுடைய போனே அவளை யாரென்று கேட்கும்.

அவள் என் வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது, இந்த வேலையும் வந்த பிறகு கிடைத்ததுதான். அவளுடைய வீட்டுக்காரர் அடிக்கிற ஆள் இல்லை. அடித்திருந்தால் எங்களுக்கு முன்பே புரிந்திருக்கும். வேலைக்குப் போகும்போது இவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான். பாதுகாப்புக்காம். இன்னொரு சாவி மகனிடம். அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறப்பான், உள்ளே வந்து மறுபடி பூட்டிக்கொள்வான். அப்போது பதிமூன்று வயதுப் பிள்ளை, எல்லா வீட்டிலும் அம்மாக்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தான். நான் எப்போது போன் செய்தாலும் "நல்லா இருக்கேன்க்கா" என்பாள். நானும் மக்கு மாதிரி நம்பினேன்.

ஒரு நாள் காலையில் அவசரத்தில் அவர் பூட்ட மறந்துவிட்டார். மகன் பள்ளிக்கூடம் போயிருந்தான். இவள் ரொம்ப நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு உடுத்தின துணியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு வெளியே தலைகாட்டப் பயம், மறுநாள் சாயங்காலம் பள்ளி வாசலில் போய்ப் பையனைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்பது திட்டம். போனால் அவர் முன்னாலேயே வந்து நிற்கிறார். பையன் இவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு அப்பா காரில் ஏறிக்கொண்டான். அடுத்த மாதத்தில் வீடு மாறினார்கள், ஊர் மாறினார்கள், போன் நம்பரும் மாறியது.

குடும்ப ஆலோசனை மையத்து அம்மா ஒருத்தி நல்ல மாதிரி. எப்படியோ தேடிப் பிடித்துப் பையனோடு தனியாகப் பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டாள், இடத்தை மட்டும் சொல்லவில்லை.

"அவங்க சொல்லாம போயிட்டாங்க, எனக்கு அவங்களைப் பாக்க வேண்டாம்னு சொல்றான். அதுக்கு மேல வாயைத் திறக்கலை. அவனாக் கேக்கிற வரைக்கும் நீங்க போய் நிக்காதீங்கம்மா. போனா இன்னும் கெட்டுப்போகும்."

தங்கை தலையாட்டினாள்.  அன்றிலிருந்து இவள் ஆளே வேறு. தட்டில் சோறு ஆறும். இவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கிறான், நன்றாகவும் இருக்கிறான், ஆனால் எங்கே என்று தெரியாது என்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அழவும் முடியாது, ஆறவும் முடியாது.

அப்போதுதான் அவளுக்கு அந்த லீக் ஞாபகம் வந்தது.

அமெரிக்கக் கால்பந்து என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் கால்பந்து, பந்து இருப்பதெல்லாம் கையில். அதையும் யாரும் நிஜமாக விளையாடாமல் கம்ப்யூட்டரே விளையாடுகிற லீக் இது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு வீரனைக் கற்பனையாகச் செய்கிறார்கள். வாராவாரம் ஏதாவது எழுதி, கேள்விக்குப் பதில் சொல்லி, புள்ளி சேர்த்து அந்த வீரனுக்கு வேகம், பலம், பிடிமானம் என்று ஏற்றுகிறார்கள். பிறகு கம்ப்யூட்டர் ஆட்டத்தை நடத்தி, யார் எவ்வளவு தூரம் ஓடினான், எங்கே விழுந்தான் என்று வரி வரியாக எழுதிக் காட்டும். என் வீட்டுக்காரர் இதற்கு வைத்த பெயர் பொய்க் கால்பந்து. அந்தப் பொய்க் கால்பந்தில் 'நாரைகள்' என்ற அணிக்கு மேனேஜர் எங்கள் பையன். பூட்டிய வீட்டுக்குள் சாயங்காலங்களில் அம்மாவுக்கு உட்கார்ந்து விளக்கிச் சொல்லியிருக்கிறான்.

"அவனாக் கேக்கிற வரைக்கும் போகாதீங்கன்னு அந்தம்மா சொல்லிச்சா இல்லையா? இப்ப வேஷம் போட்டுக்கிட்டு எங்கடி போறே?" என்று கத்தினேன்.

"நான் அவனைத் தேடிப் போகலைக்கா. அவன் டீம்ல வேலைக்குச் சேரப்போறேன். அது வேற."

 மகன் எவ்வளவு விளக்கியும் அவளுக்கு அந்த விளையாட்டில் அரிச்சுவடி தெரியாது. நாரைகள் அணிக்கு ஓட்டக்காரன் இல்லை என்று மகன் எங்கோ புலம்பி எழுதியிருந்ததைப் படித்தாள், அதனால் ஓட்டக்காரனைச் செய்தாள். பந்தை வாங்கிக்கொண்டு எதிரே சுவர் மாதிரி நிற்கிறவர்கள் மேல் போய் முட்டி, இடுக்கில் நுழைந்து ஓட வேண்டும். விழுந்தால் எழுந்து மறுபடி அதே முட்டல். "இது எனக்கு வரும்க்கா" என்றாள். பெயர் கேட்டபோது சட்டென்று ஒன்றும் தோன்றாமல் 'இஸ்திரி' என்று போட்டுவிட்டாள். லீக்கில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஏதோ பெரிய பரம்பரைப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

புது வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். நாரைகள் தன்னை எடுக்க வேண்டுமே என்று இவள் வெறி பிடித்தது மாதிரி புள்ளி சேர்த்தாள். சாப்பாட்டு இடைவேளையில், பஸ்ஸில், என் வீட்டுக் குழம்பு அடிபிடிக்கும்போது எல்லாம் போனும் கையுமாகத்தான் இருந்தாள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறும், தமிழில் எழுதுவாள், போன் மாற்றிக் கொடுக்கும். வீரனின் பயிற்சி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். விரிப்பு மூலையை எப்படி விடாமல் பிடிப்பது என்று எழுதினாள். அந்த வாரத்துச் சிறந்த கட்டுரை அதுதான். பந்தை விடாமல் பிடிப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது என்று பாராட்டினார்கள்.

அங்கேதான் வினை. இஸ்திரி ரொம்ப நல்லவனாகிவிட்டான். நாரைகளின் முறை வருவதற்கு முன்பே 'ஆமைகள்' என்ற அணி கொத்திக்கொண்டு போய்விட்டது. ஆமை என்று பெயர் வைத்தவர்களுக்கு எதற்கு ஓட்டக்காரன்? தங்கை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தலையை மேஜை மேல் சாய்த்துக்கொண்டாள். நான் தோளைத் தொட்டேன், அசையவில்லை.

இரண்டு மாதம் அந்த லீக்குக்கு ஒரு வருஷம் மாதிரி, அதுதான் ஒரு சீசன். இரண்டு சீசன் இஸ்திரி ஆமைகளுக்காக ஓடினான். அவன் ஓட ஓட அவர்கள் விடமாட்டேன் என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரே கொண்டாட்டம். வாடகைக்கு ஓட்டுகிற வேனை நிறுத்திவிட்டு வந்ததும் கை கால்கூடக் கழுவாமல் கேட்பார்: "நம்ம பையன் இன்னைக்கு எவ்வளவு ஓடினான்?" நேரில் பார்க்கிற ஆட்டம் மாதிரி எழுத்தைப் பார்த்துக் கத்துவார். "இடது பக்கம் போடா, இடது பக்கம் போ!" போகவேண்டிய பக்கத்தைக் கம்ப்யூட்டர் எப்போதோ முடிவு செய்துவிட்டது என்று நான் சொன்னால், "உனக்கு விளையாட்டு ரசனையே இல்லை" என்பார்.

மகன் அணிக்கு எதிராகவும் ஓடவேண்டி வந்தது. அந்த ஆட்டத்தில் இஸ்திரி நாரைகளைச் சப்பையாக்கிவிட்டான். மகன் தோற்றான். நாலு பேர் அவனைக் கிண்டல் செய்து எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு இவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "நானே என் புள்ளையைத் தோக்கடிச்சிட்டேனேக்கா." நம்பர் ஓடினதற்கு ஒருத்தி வாயில் அடித்துக்கொள்வதை நான் அன்றுதான் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அடுத்த நாளே என்னை விட்டுவிடுங்கள், நாரைகளுக்குத்தான் போவேன் என்று ஆமைகளிடம் அடம்பிடித்தாள். நன்றி கெட்டவன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். மூன்றாம் சீசனில் மாற்றிக்கொடுத்தார்கள்.

நாரைகளுக்கு என்று தனி அரட்டை அறை இருந்தது. அங்கே மகன் அவளுக்கு முதலில் எழுதியது, "வாடா, உன்னை எடுக்கத்தான் இத்தனை நாள் அலைஞ்சேன்" என்பதன் ஆங்கிலம். அதை எத்தனை பேருக்குக் காட்டினாள் என்று கணக்கில்லை. ஹோட்டல் சலவைப் பெண்கள், எதிர் வீட்டு டெய்லர், என் வீட்டுக்காரர், மறுபடி நான். மகன் அதட்டினால்கூடச் சந்தோஷம். "வேகத்தைக் கூட்டு, சோம்பேறி" என்று எழுதினால் இவள் "சரி பாஸ்" என்று எழுதுவாள். அந்த மூன்று நாலு மாதம் அவள் சாப்பிட்டாள், தலை வாரிக்கொண்டாள், ஒரு தடவை பாட்டுக்கூடப் பாடினாள். குரல் சகிக்காது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஓட்டக்காரனுக்குத்தான் எல்லாரையும்விடச் சீக்கிரம் வயதாகும். முட்டி முட்டியே தேய்வான். சீசன் முடிய முடிய கம்ப்யூட்டர் அவனுடைய வேகத்தில் கொஞ்சம், பலத்தில் கொஞ்சம் என்று வெட்டும். இவள் ராப்பகலாகப் புள்ளி சேர்த்தாலும் வெட்டுகிற வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. கிழடாகிவிட்டால் மேனேஜர் கழற்றிவிடுவான். கழற்றிவிட்டால் அந்த அறைக் கதவு மூடிவிடும். மறுபடி மகன் எங்கோ, இவள் எங்கோ. ஒவ்வொரு சீசன் முடியும்போதும் இஸ்திரி பெயர் இன்னும் இருக்கிறதா என்று பட்டியலைத் திறந்து திறந்து பார்ப்பாள்.

அதற்கு நடுவில்தான் அந்தத் தப்பு. அவள் தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, நம் பாஷையின் தப்பு. அறையை விட்டுக் கிளம்பும்போது எல்லாரும் 'பை' என்று எழுதுவார்கள். இவளுக்குக் கை அப்படிப் போகவில்லை. நம் வீட்டில் 'போறேன்' என்று யாராவது சொன்னால் அம்மா வாயிலேயே ஒன்று வைப்பாள். எனவே 'போயிட்டு வரேன்' என்று தட்டுவாள். போன் அதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றி, 'ஐ கோ அண்ட் கம்' என்று போட்டுவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. இவன் எங்கே போய் எங்கே வருகிறான்? கொஞ்ச நாளில் அதுவே அணியின் கோஷம் ஆகிவிட்டது. ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருத்தனும் 'கோ அண்ட் கம்' என்று எழுதினான். மேனேஜர் மட்டும் எழுதவில்லை.

திடீரென்று ஒரு நாள் மேனேஜரிடமிருந்து உத்தரவு: இந்த அறையில் இனிமேல் யாரும் அந்த வாக்கியத்தை எழுதக் கூடாது. காரணம் கேட்காதீர்கள்.

தங்கை போனை என்னிடம் நீட்டிக் காட்டினாள். உலகத்தில் எத்தனையோ பாஷை இருக்கிறது, போகும்போது வருகிறேன் என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர்?

"கண்டுபிடிச்சிட்டான்டி."

"இல்லைக்கா, இருக்காது. இருக்காது." சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, அவள் உருளைக்கு முன்னால் நிற்கும்போது போன் அதிர்ந்திருக்கிறது. வேலை நேரத்தில் பார்க்கக் கூடாது. பார்த்தாள். தனிச் செய்தி. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"அன்னைக்கு மட்டும் ஏன் சொல்லலை?"

அவள் கையிலிருந்த மூலை நழுவி, விரிப்பு உள்ளே போய்ச் சுருண்டு, மெஷின் நின்றது. சூப்பர்வைசர் கத்தினது எதுவும் காதில் விழவில்லையாம். அன்று காலையில் பள்ளிக்குப் போனவன் "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். சொன்னபடி திரும்பியும் வந்தான். கதவு திறந்து கிடந்தது, அம்மா இல்லை.

அந்த ஒரு கேள்விக்கு அவள் என்னென்னவோ எழுதினாள். பூட்டைப் பற்றி, சாவியைப் பற்றி, அவன் அப்பாவைப் பற்றி, பக்கம் பக்கமாக. நான் பிடுங்கி எல்லாவற்றையும் அழித்தேன்.

"அவன் அப்பனைப் பத்தியா கேட்டான்? உன்னைப் பத்திக் கேட்டிருக்கான். அதுக்கு மட்டும் பதில் சொல்லு."

அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு ஒரே ஒரு வரி எழுதி, எனக்குக்கூடக் காட்டாமல் அனுப்பிவிட்டாள். பின்னால்தான் படித்தேன்: "சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன்."

படித்துவிட்டான் என்று தெரிந்தது. பதில் இல்லை. அடுத்த ஆட்டத்தில் இஸ்திரிக்கு ஒரு தடவைகூடப் பந்து வரவில்லை. அதற்கடுத்த ஆட்டத்திலும் இல்லை. என் வீட்டுக்காரர்கூட அந்த எழுத்தைப் பார்த்துக் கத்தவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த வாரக் கடைசியில் பட்டியலில் ஒரு வரி வந்தது: நாரைகள் இஸ்திரியை விடுவித்தன. தங்கை அரட்டை அறையைத் திறந்து பார்த்தாள். திறக்கவில்லை.

"என்னை வெளிய விட்டுப் பூட்டிட்டான்க்கா" என்றாள்.

எனக்கு அந்தப் பையன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. எதிரில் இருந்திருந்தால் பெரியம்மா யாரென்று காட்டியிருப்பேன். பிறகு யோசித்தால், பதிமூன்று வயதில் காலி வீட்டுக்குள் நுழைந்தவன்தானே அவனும். யாரைத் திட்டுவது? ஆத்திரம் எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடந்தது.

கிழட்டு ஓட்டக்காரனை வேறு யாரும் சீந்தவில்லை. இஸ்திரி ஓய்வு பெற்றான். ஆமைகள் மட்டும் பெரிய மனசோடு நாலு நல்ல வார்த்தை எழுதினார்கள். தங்கை மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். கூப்பிட்டால் திரும்புவாள், கண் திரும்பாது. இவள் ஏதாவது செய்துகொள்வாளோ என்று நான் அவள் அறைக் கதவைத் தாழ் போட விடவில்லை. பூட்டுக்குள் கிடந்து வந்தவளிடம் கதவைப் பற்றிச் சொல்கிறோம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தாள். புதிதாக இன்னொரு ஓட்டக்காரனைச் செய்தாள். வேகம் பூஜ்யம், பலம் பூஜ்யம், ஒரு புள்ளி சேர்க்கவில்லை, ஒரு கட்டுரை எழுதவில்லை. பெயர்: அம்மா.

"இனிமே வேஷம் வேண்டாம்க்கா. எடுத்தா எடுக்கட்டும். இல்லைன்னா விட்டுடறேன். இத்தோட விட்டுடறேன்."

அவள் விட்டுவிடுகிறேன் என்றது லீக்கையா வேறு எதையாவதையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டிராஃப்ட் அடுத்த சனிக்கிழமை மத்தியானம். மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு அணியாகப் பெயர் வந்தது. நாரைகளின் முதல் முறை, ஒரு தடுப்பாட்டக்காரனை எடுத்தான். அடுத்த முறை, பந்து பிடிக்கிறவன். அதற்கடுத்து ஒரு புது ஓட்டக்காரன், அதைப் பார்த்ததும் தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் "வேனைக் கழுவணும்" என்று எழுந்து போய்விட்டார். நேற்றுத்தான் கழுவினார். பெயர்கள் குறைந்துகொண்டே வந்தன. பூஜ்யம் புள்ளி ஆளை எவன் எடுப்பான்? ஆமைகள்கூட எடுக்கவில்லை. பல அணிகள் போதும் என்று நிறுத்திக்கொண்டன. தங்கையின் கை என் கையைப் பிடித்திருந்தது, ரேகை இல்லாத விரல்கள், சில்லென்று.

கடைசிச் சுற்றில் நாரைகளின் முறை வந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அவனுக்குக் கொடுத்த நேரமே முடியப் போகிறது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. பிறகு வரி விழுந்தது: நாரைகள் எடுப்பது, ஓட்டக்காரன், அம்மா.

நான் வாய்விட்டுப் படித்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. "இன்னொரு தடவை படி" என்றாள். படித்து முடிப்பதற்குள் போன் அதிர்ந்தது. தனிச் செய்தி. அதையும் நான்தான் படித்தேன், அவளுக்குக் கண் தெரியவில்லை.

"முதல் சீசன் பெஞ்சுதான். ஓட விடமாட்டேன். ஆனா தினமும் வரணும். ஒரு நாள் வரலைன்னாலும் டீமை விட்டுத் தூக்கிடுவேன்."

தங்கை என் தோளில் விழுந்து ஓவென்று அழுதாள். நாலு வருஷமாகச் சத்தம் வராமல் அழுதவள், தெரு கேட்க அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் ஈரக் கையோடு ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எடுக்கலையா?" என்று கேட்டார்.

"எடுத்துட்டாங்க. தினமும் வரச் சொல்றான்" என்றேன்.